சீட்டுப் பணமும் கலர் லைட்டும்

அன்னவாசலிலிருந்து சித்தி பையன் போன் பண்ணினான். "அண்ணே, கேம் ஆட நானே கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணப் போறேன். 40,000 இருக்கு."

மாசாமாசம் சம்பளத்தில் சீட்டுக் கட்டி எடுத்த பணம். லிஸ்ட்டைப் பார்த்தேன். பாதிப் பணம் கிராபிக்ஸ் கார்டுக்கு. அப்புறம் கலர் லைட் கேபினெட்.

"பவர் சப்ளை எங்கேடா?"

"கேபினெட்டோட ஃப்ரீண்ணே!"

மண்டபத்துக்கு சீரியல் செட் போட்டுவிட்டு சமையல்காரருக்கு அட்வான்ஸ் கொடுக்காத கதை! வீட்டுக் கரன்ட்டை டி.சி.யாக்கி மற்ற பார்ட்ஸுக்கெல்லாம் படியளப்பதே அந்த டப்பாதான். மட்டமானது புகைந்தால், சமயத்தில் மதர்போர்டையும் துணைக்கு அழைத்துப் போகும். '80 பிளஸ்' முத்திரை கரன்ட் சிக்கனத்துக்கு மட்டுமே சாட்சி. கம்பெனியையும் வாரன்டியையும் தனியாகப் பார்க்கணும்.

"உன் மானிட்டர் எத்தனை ஹெர்ட்ஸ்?"

"60."

விநாடிக்கு 60 படம்தான் காட்டும். 150 தரும் கார்டுக்கு எதற்கு அழணும்? இப்போதைக்கு கார்டே வேண்டாம். 2021-ல் வந்த ரைஸன் 5 5600ஜி மாதிரி, கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கும் பிராசஸர் போதும். வாலரன்ட் தாராளமாக ஓடும். அந்த கிராபிக்ஸ் குடித்தனம் நடத்துவது ராமில். அதனால் 16 ஜி.பி.யை ஒன்றாக வாங்காமல் 8, 8 ஆக இரண்டு போட்டால் பாதை இரண்டாகும், வேகம் கூடும். போனஸ் வந்தால் கார்டு செருகிக்கொள்ளலாம். அதையும் தாங்குகிற பவர் சப்ளையாக இப்போதே வாங்கிவிட வேண்டும்.

"ரிச்சி தெருவுல வாங்கினாலும் பில்லோட வாங்குடா."

"சரிண்ணே. அந்த கலர் லைட் மட்டும்...?"