பீப்பாயில் புகுந்த புகை

வீட்டுச் சமையலறையில் பீர் தயாரிப்பவர்கள் 'அசல்' என்ற வார்த்தைக்கு உயிரையே விடுவார்கள். பாரம்பரிய ஸ்காட்லாந்து ஏல் தயாரிக்க அவர்களிடம் இரண்டு சூத்திரங்கள் உண்டு. முளைகட்டிய பார்லியைப் பீட் புகையில் உலர்த்தியிருக்க வேண்டும். கசப்புக்கான ஹாப்ஸ் பூவைப் பேருக்குத்தான் போட வேண்டும். விஸ்கி தேசமாயிற்றே, புகை இல்லாமலா? அந்தக் குளிரில் ஹாப்ஸ் விளையாது. காசு கொடுத்து வாங்க ஸ்காட்லாந்துக்காரருக்கு மனசு வராது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கணக்குப் புத்தகங்கள்தான் ஒத்துழைக்க மறுக்கின்றன. எடின்பரோவில் பீர் தயாரித்த வில்லியம் யங்கர் நிறுவனத்தின் பழைய பதிவேடுகள் கிளாஸ்கோ பல்கலைக்கழகக் காப்பகத்தில் இருக்கின்றன. பீர் சரித்திரத்தைத் துருவும் ரான் பாட்டின்சன் அவற்றைப் புரட்டினார். கஞ்சத்தனம் எதுவும் தென்படவில்லை. இங்கிலாந்தின் கென்ட் பகுதியிலிருந்து மட்டுமல்ல, ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் ஹாப்ஸ் வந்து இறங்கியிருக்கிறது. போதாததற்கு, 19-ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்த வெள்ளைக்காரர்களுக்கு 'இந்தியா பேல் ஏல்' ஏற்றுமதி செய்த ஊர் எடின்பரோ. ஹாப்ஸைத் தாராளமாகப் போட்டுத் தயாரிக்கும் சரக்கு அது.

பீட் என்பது சதுப்பு நிலத்தில் வெட்டியெடுத்துக் காயவைக்கும் எரிபொருள். விஸ்கிக்கான பார்லியை அதில் உலர்த்தினார்கள், உண்மை. நகரத்து பீர்காரர்களுக்கோ புகை நெடி இல்லாத பார்லிதான் தேவைப்பட்டது. பீர் போட்டிகளுக்கு இலக்கணம் வகுக்கும் அமெரிக்க நடுவர் அமைப்பான பி.ஜே.சி.பி., பீட் வாசனை இருந்தாலும் பாதகமில்லை என்றுதான் முன்பு சொல்லிவந்தது. 2015-இல் மாற்றிக்கொண்டது: பீட் புகையேற்றிய பார்லி பாரம்பரியமே அல்ல, வேண்டுமானால் புகை பீர் பிரிவில் போட்டியிடுங்கள்.

அசல் பிரியர்களுக்கு இதைவிடப் பெரிய சோதனை உண்டு. யங்கர் பதிவேடுகளை அப்படியே பின்பற்றினால் 20-ஆம் நூற்றாண்டு ஏலில் மக்காச்சோளக் குருணை சேர்க்க வேண்டும். தொழிற்சாலைச் சிக்கனம் என்று அவர்கள் முகம் சுளிக்கும் சமாசாரம் அது. புகை பொய், ஆனால் கவர்ச்சி. குருணை நிஜம், ஆனால் யாருக்கும் ருசிக்காத நிஜம்.

ஸ்காட்லாந்தின் தெற்கே டிராக்வேர் மாளிகையில், கேட்பாரற்றுக் கிடந்த 18-ஆம் நூற்றாண்டு பீர் கூடத்தை 1965-இல் அதன் உரிமையாளர் பீட்டர் மேக்ஸ்வெல் ஸ்டூவர்ட் மறுபடி இயக்கினார். பழைய செப்புக் கொப்பரை, ஓக் மரத் தொட்டிகள் என்று பார்க்கிறவருக்குப் பாரம்பரியம் கண்ணைப் பறிக்கும். அங்கே தயாரான அடர்த்தியான ஏல்தான் வீட்டு ரசிகர்கள் பலருக்கு லட்சியம். அதில் பீட் புகை கிடையாது. ஹாப்ஸ், கென்டிலிருந்து.