தேர்வுக் கட்டணமே வருமானம் என்றால்

போன வாரம் தம்பி மகன் வந்தான். "பெரியப்பா, 1 லட்சம் டாலர் கணக்கு தர்றாங்க. எவாலுவேஷன் பாஸ் பண்ணினா லாபத்துல 80 சதவீதம் எனக்கு. 500 டாலர் ஃபீஸ்தான்." கடனாக என்னிடம் கேட்டான். நாற்பதாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. இது அவனுக்கு மூன்றாவது முயற்சி.

விதிகளை முழுக்கப் படித்தேன் (ரிட்டயர் ஆனவனுக்கு வேறென்ன வேலை?). 10 சதவீதம் லாபம் காட்ட வேண்டும். ஒரே நாளில் 5 சதவீதமோ, மொத்தத்தில் 10 சதவீதமோ நஷ்டம் வந்தால் கணக்கு மூடப்படும். இன்னும் முடிக்காத டிரேடில் தெரியும் நஷ்டமும் கணக்கில் சேரும். அப்படியென்றால் லட்சம் டாலர் என்பது பேச்சுக்கு. அவன் கையில் இருப்பது பத்தாயிரம். அதுவும் நிஜப் பணம் இல்லை, டெமோ. பாஸ் செய்தபின் தருகிற 'ஃபண்டட்' கணக்கும் டெமோதான் என்று அவர்களே பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். இந்த வியாபாரம் முழுவதிலும் நிஜமான காசு இவன் கட்டுகிற 500 டாலர் மட்டுமே.

ஜெயித்தவனுக்குப் பணம் எங்கிருந்து வரும்? தோற்றவர்கள் கட்டிய ஃபீஸிலிருந்துதான். நல்ல டிரேடர்களின் டிரேடை நிஜச் சந்தையிலும் போடுகிறோம் என்று சில கம்பெனிகள் சொல்கின்றன. அதை வெளியாள் எப்படிச் சரிபார்ப்பது?

நாங்களும் வேலைக்கான பரீட்சைக்குக் கட்டணம் கட்டியவர்கள்தான். ஆனால் எங்களைத் தேர்ந்தெடுத்த வங்கி அந்தக் கட்டணத்தில் பிழைக்கவில்லை. உண்மையான டிரேடிங் நிறுவனம் சம்பளம் கொடுத்து, சொந்த முதலைப் போடும். மோசமான ஆள் வந்தால் அதற்கு நஷ்டம். இங்கே மோசமான ஆள்தான் வாடிக்கையாளர். தோற்றதும் மறு முயற்சிக்கு டிஸ்கவுண்ட் கூப்பன் வருகிறது!

'மை ஃபாரெக்ஸ் ஃபண்ட்ஸ்' மீது 2023-இல் அமெரிக்க ஆணையம் வழக்குப் போட்டது. ஆணையத்தின் நடத்தையே சரியில்லை என்று 2025-இல் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. ஆகவே அதை நான் சாட்சிக்கு இழுக்கவில்லை. அந்தப் பொடி எழுத்தே எனக்குப் போதும்.

"திறமை இருந்தா ஜெயிக்கலாமே" என்றான். எஃப் அண்ட் ஓ-வில் 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டதாக செபி சொன்னதை எடுத்துக் காட்டினேன். அவர்களுக்கு இந்த 5 சதவீதக் கத்தி கூடத் தலைக்கு மேல் தொங்கவில்லை.

பணம் தரவில்லை. காபி கூடக் குடிக்காமல் போய்விட்டான். சாயங்காலம் தம்பி போன் செய்தான்: "அண்ணா, அவன் கிரெடிட் கார்டுல கட்டிட்டானாம்."