முதலில் நீரிறைக்கும் இயந்திரம்!

கொழும்பில் கார் வாங்குவோர் கவலையையும் சேர்த்தே வாங்குகின்றனர். வெள்ளவத்தையில் நிறுத்த இடமில்லை. கொட்டாஞ்சேனை ஒழுங்கைக்குள் நுழைந்தால் திரும்ப வழியில்லை. ஓட ஓட விலை குறைவது பிறநாட்டுக் கார்களின் இயல்பு. நம் நாட்டிலோ, 2020இல் இறக்குமதி தடைப்பட்ட பின், பழைய காருக்கு வயதோடு விலையும் ஏறிற்று!

2022இல் அந்த அசையும் சொத்தும் அசையாச் சொத்தாயிற்று. வக்கீலும் கணக்காளரும் பெற்றோலுக்காக இரவு பகலாய் வரிசையில் நின்று காரைத் தள்ளினர். யூலையில் பங்கீடு வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர் என்று விதிக்கப்பட்டது.

இவை நகைத்து மறக்கக்கூடிய துன்பங்கள். ஆனால், அதே ஆண்டு ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்ததை, அதைக்கொண்டே கிணற்று நீர் இறைத்த வடபுலத்துக் கமக்காரர் நகைத்து மறக்க இயலுமா? கார் நின்றால் அலுவலகத்துக்குத் தாமதம். இறைப்பு நின்றால் வெங்காயமும் மிளகாயும் கருகும். அங்கே கருகிய பயிர், இங்கே சந்தையில் விலையேற்றமாய் முளைக்கும்.

ஆகவே, கற்றோர் தம் கார்க் குறையை மாத்திரம் முறையிடுவது முறையன்று. ஆட்சியாளரிடம் நாம் கேட்பவை இரண்டு: தட்டுப்பாடு வருங்கால் கமத்துக்கே முதலில் எரிபொருள் ஒதுக்குக, நேரந்தவறாத, நெரிசலற்ற பஸ் சேவையை நகருக்குத் தருக. இவ்விரண்டும் கிட்டுமாயின், காரை வீட்டில் நிறுத்திவிட்டுப் பஸ் ஏற நாமும் ஆயத்தம்!