உடைந்ததா, உடைத்தாரா? தங்கவயலும் கனத்த உடலும் ஒரு மலைச் சைக்கிளும்

தன்வினைக்கும் பிறவினைக்கும் உள்ள வேறுபாடு பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அறுபது கிலோ எடையுள்ள இளைஞரின் சைக்கிளில் போக்ஸ் கம்பி போனால் ‘உடைஞ்சிருச்சு’ என்கிறது ஊர். நூற்றைந்து கிலோ எடையுள்ளவரின் சைக்கிளில் அதே கம்பி போனால் ‘உடைச்சுட்டீங்களே’ என்கிறது. கம்பி ஒன்றே, உலோகம் ஒன்றே. எழுவாய் மட்டும் மாறிவிடுகிறது. முதல் வாக்கியத்தில் குறை பொருளுக்குரியது, இரண்டாவதில் உடலுக்குரியது. இந்த எழுவாய் மாற்றம் நேர்மையற்றது.

கோலார் தங்கவயலில் இது வெறும் இலக்கணச் சிக்கலன்று. பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டபின் வேலை பெங்களூருக்குப் போயிற்று. ஆட்களும் அதன் பின்னே நாள்தோறும் ரயிலேறுகிறார்கள். லைன் வீட்டிலிருந்து மாரிக்குப்பத்துக்கோ உரிகத்துக்கோ கோரமண்டலுக்கோ விடியுமுன் வந்துசேர வேண்டியவருக்கு, மேடும் பள்ளமுமான அந்தச் சாலையில் சைக்கிள் பொழுதுபோக்கு ஆகாது. சக்கரம் வழியில் கோணினால் ரயில் போய்விடும். ரயில் போனால் அன்றைய கூலி போய்விடும். ஒரு முறை தவறாக வாங்கினால் மறுமுறை வாங்கப் பணமிராது.

இத்தகையவருக்குக் கிடைக்கும் முதல் அறிவுரை, ‘கொஞ்சம் இளைச்சுட்டு வாங்க’ என்பது. சைக்கிள் மிதிக்கத் தகுதி பெறவே உடல் இளைக்க வேண்டுமாம். இளைப்பதற்கு வழியாகச் சைக்கிளையே பரிந்துரைப்பவர்களும் இவர்கள்தாம். அரிசி மூட்டையும் எரிவாயு உருளையும் பால் கேன்களும் கேரியரில் ஏறியபோது எந்த மூட்டையிடமும் எவரும் இளைக்கச் சொன்னதில்லை. மூட்டையின் கனம் ‘பாரம்’. வண்டி அதைத் தாங்கவேண்டும். மனிதரின் கனம் ‘குண்டு’; அவர் அதற்காக வெட்கப்படவேண்டும். இரண்டும் கிலோவில்தான் அளக்கப்படுகின்றன.

பொறிகள் பிற இடங்களில் இவ்வாறு பேசுவதில்லை. பெங்களூரின் அடுக்குமாடி லிஃப்ட் ஒன்றில் ‘13 பேர், 884 கிலோ’ என்று எழுதியிருக்கும்; ஆளுக்கு 68 கிலோ என்பது கணக்கு. வரம்பு பொறியின்மேல் எழுதப்படுகிறது. மீறினால் லிஃப்ட் நகராது, எவரையும் ஏசாது. சைக்கிளுக்கும் இத்தகைய வரம்பு உண்டு. பன்னாட்டு நிறுவனங்கள் சில 136 கிலோ என்றும், வேறு சில 100 கிலோ என்றும் கையேட்டில் குறிப்பிடுகின்றன. அந்தக் கணக்கில் பெரும்பாலும் வண்டியும் பையும் சேர்ந்தே வரும். கடையில் தொங்கும் மலிவான ‘எம்டிபி’ வண்டியில் அந்த எண்ணைத் தேடினால் ஒட்டுப்படங்கள்தாம் கண்ணில் படும். தன் வரம்பைச் சொல்லாத பொருளுக்கு, வாங்கியவரைக் குற்றம் சொல்லும் உரிமை கிடையாது.

‘எம்டிபி’ என்ற பெயரின் வரலாறே வேறு. 1970களில் கலிஃபோர்னியாவின் மரின் மாவட்டத்து இளைஞர்கள் மலைச்சரிவில் இறங்கத் தேர்ந்தெடுத்தவை, 1930களின் கனத்த ஷ்வின் வண்டிகள்; செய்தித்தாள் கட்டுகளைச் சுமக்கும் பையன்கள் ஓட்டிய அதே வகை. தடித்த டயரும் உறுதியான எஃகுச் சட்டமும் அவற்றின் சிறப்பு. மலைச் சைக்கிள் சுமைக்காரரின் வண்டியில் பிறந்தது. இன்று மலிவுச் சந்தையில் அதன் பெயரால் விற்கப்படுவது பெரும்பாலும் தோற்றமே: பின்னாலும் ஷாக், முன்னாலும் ஷாக், நடுவில் விரைவில் ஆட்டம் காணும் இணைப்புகள். கனத்தவர் மிதிக்கும் உழைப்பில் ஒரு பங்கை அந்த ஸ்பிரிங்கே தின்றுவிடும்.

ஆகவே தேர்வு எளிமையை நோக்கிப் போகவேண்டும். பின்பக்க ஷாக் வேண்டவே வேண்டாம். முன்னாலும் ஷாக் இல்லாத எஃகு ஃபோர்க் கிடைத்தால் நல்லது. எஃகுச் சட்டம் வளைந்து எச்சரிக்கும், உள்ளூர் வெல்டிங் பட்டறையிலும் ஒட்டலாம்; அலுமினியத்தை அவ்வாறு ஒட்ட இயலாது. அதிர்வைத் தாங்கும் வேலையை இரண்டங்குலத்துக்குக் குறையாத அகல டயரிடம் விடலாம். உடலெடையில் பெரும்பங்கு பின்சக்கரத்தில் இறங்குவதால் அங்கே 36 கம்பிகளும் இரட்டைச் சுவர் ரிம்மும் தேவை. பல கியர் ஃப்ரீவீல் திருகப்பட்ட பின்சக்கரத்தில் தாங்கி உள்ளே தள்ளியிருப்பதால் அச்சு எளிதில் வளையும். கேசட் பொருந்தும் ஹப் அவ்வாறன்று.

கம்பி உடைவதன் காரணத்தையும் சொல்லவேண்டும். பத்துக் கிலோமீட்டரில் 26 அங்குலச் சக்கரம் ஏறத்தாழ 4,800 முறை சுழல்கிறது. ஒவ்வொரு சுழற்சியிலும் தரைப்பக்கம் வரும் கம்பி சற்றுத் தளர்ந்து மீண்டும் இறுகுகிறது. இழுவிசை குறைவாகவும் சீரற்றும் கட்டப்பட்ட சக்கரத்தில் இந்தத் தளர்வு மிகுந்து, கம்பி அதன் வளைவில் களைத்து ஒடிகிறது. எடை அதை விரைவுபடுத்தும். தொடங்கி வைப்பது மோசமாகக் கட்டப்பட்ட சக்கரம். புதுவண்டி வாங்கியவுடன் கைதேர்ந்த மெக்கானிக்கிடம் கம்பிகளை இறுக்கிச் சமன்செய்து, ஒரு மாதம் ஓட்டியபின் மீண்டும் ‘பெண்டு’ எடுத்தால் பாதி வழக்கு தள்ளுபடியாகிவிடும்.

‘தாத்தா ஓட்டிய பழைய சைக்கிளே போதுமே’ என்போரின் வாதத்தில் உண்மை உண்டு. பின்சக்கரத்தில் 40 கம்பிகள் கொண்ட அந்த வண்டி கனம் தாங்கும். ஆனால் மழையில் நனைந்த ரிம்மில் அதன் கம்பி பிரேக் வழுக்கும்; எடை கூடக்கூட நிறுத்தும் தூரமும் கூடும். ஒற்றைக் கியரில் மேடேறும்போது விலை கொடுப்பது முழங்கால். தாழ்ந்த கியரும் நல்ல பிரேக்கும் கனத்தவருக்கு ஆடம்பரமாகா.

ஒரு நூற்றாண்டுக்கு மேல் மனிதரைச் சுரங்கத்தில் இறக்கி ஏற்றி, காலப்போக்கில் மூன்று கிலோமீட்டர் ஆழம்வரை சென்ற ஊர் இது. சுரங்கக் கூண்டின் கயிற்றுக்குப் பாரக் கணக்கு பார்த்தவர்களின் பேரப்பிள்ளைகள், சைக்கிள் கடையில் ‘இது எத்தனை கிலோ தாங்கும்?’ என்று தலைநிமிர்ந்து கேட்கலாம். விடை சொல்ல இயலாத வண்டியைக் கடையிலேயே விட்டுவரலாம். நாளை கம்பி ஒடிந்தால், ‘உடைந்தது’ என்பதே இலக்கணப்படியும் பொறியியல்படியும் சரியான வாக்கியம்.