பள்ளிக் கணக்கைத் தமிழிலும் எழுதி வைக்கக் கோரும் மனு

அனுப்புநர்: ஆனைகட்டி வட்டாரப் பெற்றோர் சங்கத்தினர், அட்டப்பாடி.

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், பாலக்காடு.

நகல்: திட்ட அலுவலர், ஒருங்கிணைந்த பழங்குடியினர் வளர்ச்சித் திட்டம், அகளி.

பொருள்: பள்ளி நிதி, உதவித்தொகை, நியமன விவரங்களைத் தமிழிலும் வெளியிடக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

அட்டப்பாடி அரசுக் கல்லூரியின் கௌரவ விரிவுரையாளர் நேர்காணலுக்கு வந்த ஓர் அனுபவச் சான்றிதழ் போலி என்பது 2023 ஜூனில் அம்பலமானது. எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரியின் பெயரில் அது தயாரிக்கப்பட்டிருந்தது. இங்குள்ள கல்லூரி அங்கே விசாரித்ததால்தான் குட்டு வெளிப்பட்டது. எங்கள் பள்ளிகளைப் போல் யாரும் விசாரிக்காத இடங்களை நினைத்தே எங்களுக்குக் கவலை.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 21இன்படி, பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். குழுவில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும். பள்ளிக்கு வரும் மானியம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பதும் இக்குழுவின் பொறுப்பு. நடப்பில், தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த தாய்மார்கள் மலையாளத்தில் எழுதிய தீர்மானத்தின் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார்கள். இதைக் கண்காணிப்பு என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. பொது அலுவலகங்கள் தகவல்களைத் தாமாகவே வெளியிட வேண்டும், அதில் உள்ளூர் மொழியைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்கிறது 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், பிரிவு 4.

கணக்கை வெளியிடுவதன் பயனுக்கு ஓர் எடுத்துக்காட்டு: உகாண்டாவில் 1991 முதல் 1995 வரை பள்ளிகளுக்கென்று ஒதுக்கிய மானியத்தில் சராசரியாக 13 சதவீதமே பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தது. அதன்பின் எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு பணம் அனுப்பினோம் என்று அந்நாட்டு அரசு, நாளிதழ்களில் அச்சிடத் தொடங்கியது. 2001இல் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்த பங்கு ஏறக்குறைய 80 சதவீதமானது.

ஆகவே, வந்த தொகை, வந்த தேதி, செலவு, மதிய உணவு உண்ட பிள்ளைகளின் எண்ணிக்கை ஆகியவற்றைப் பள்ளி வாசல் பலகையில் மலையாளத்தோடு தமிழிலும் எழுதச் செய்யுங்கள். பழங்குடி மாணவர் உதவித்தொகை யாருக்கு வந்தது, யாருக்கு ஏன் நின்றது என்பதை ஊர்மூப்பன் முன்னிலையில் ஊர்க்கூட்டத்தில் வாசிக்க வேண்டும். தற்காலிக ஆசிரியர் பணிக்கு வருபவரின் சான்றிதழை, அதை வழங்கிய நிறுவனத்திடம் சரிபார்த்த பின்பே பணியில் சேர்க்க வேண்டும். புகார் கொடுத்தால் தேதியிட்ட ரசீது தேவை. புகார் சொன்னவரின் பிள்ளை வகுப்பில் பழிவாங்கப்படாது என்ற உறுதியும் தேவை.

எங்களுக்குக் கோவை முப்பது கிலோமீட்டர். பாலக்காடு அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். ஒரு நாள் கூலியை விட்டுத்தான் தங்கள் அலுவலகத்துக்கு வர முடியும். எனவே விசாரணையை அகளியிலேயே நடத்தி, அரசியலமைப்பின் 350ஆவது பிரிவு தரும் உரிமையில் தமிழில் எழுதிய இம்மனுவுக்குத் தமிழிலேயே எழுத்துமூலம் பதில் தருமாறு வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
சங்கத்தின் தலைவர், செயலாளர், உறுப்பினர்கள்