துருவை மறைக்கும் பட்டியும் நாம் காக்கும் மௌனமும்



“பழைய வண்டி என்றால் அப்படித்தான் இருக்கும், கண்ணைத் திறந்து பார்த்து வாங்க வேண்டியது வாங்குகிறவர் பொறுப்பு.” இந்த வாக்கியம் நம் கடலோர ஊர்களில் ஒரு சட்டவிதி போலப் புழங்கத் தொடங்கிவிட்டது. தரகர் சொல்கிறார்; பட்டறைக்காரர் சொல்கிறார்; ஜும்ஆ முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டே ஐவேளைத் தொழுகையாளியும் சொல்கிறார். மார்க்கம் இந்த விதியை ஏற்கவில்லை என்பதையும், இதை நம்பி நடப்பவர்களால் உயிருக்கே ஆபத்து என்பதையும் எழுதியே ஆக வேண்டிய நிலைக்கு வந்துவிட்டோம்.

கிளியனூர் திண்டிவனம்–புதுச்சேரி சாலையில் இருக்கும் ஊர். விடுமுறை நாளில் சாலையோரம் நின்றால் பளபளக்கும் பழைய கார்கள் புதுச்சேரி நோக்கிப் போவதைக் காணலாம். பிரீமியர் பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு, அதன் தம்பியான கேஸல், எப்போதாவது ஒரு ஸ்டாண்டர்டு 2000. இவற்றை வாங்கிப் புதுப்பித்து, திருமண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடுவதும் ஆசைப்பட்டவருக்கு விற்பதும் இன்று ஒரு தொழில். அந்தத் தொழிலோடு நமக்குச் சண்டை இல்லை. இருக்கிற பொருளைப் பழுது பார்த்துப் பயன்படுத்துவது வீண்விரயத்துக்கு நேர் எதிரானது; வட்டிக்கடனில் புதுக்கார் வாங்கி வாசலில் நிறுத்திப் பெருமை பேசுவதைவிட அது நூறு மடங்கு மேல். நம் சண்டை, பழுது பார்க்காமல் பூசி விற்பவர்களோடு மட்டும்தான்.

ஸ்டாண்டர்டு 2000 பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பூச்சு வேலை அதிகம் நடப்பது இத்தகைய அபூர்வ வண்டிகளில்தான். 1976இல் இங்கிலாந்தில் ரோவர் எஸ்டி1 என்ற கார் வந்தது. 3500 சிசி வி8 எஞ்சின், தாழ்ந்து நீண்ட முகம், பின்புறம் முழுதும் மேலே திறக்கும் ஐந்தாவது கதவு. 1977இல் ஐரோப்பாவின் அவ்வாண்டுச் சிறந்த காராகத் தேர்வானது. அதன் விட்டெஸ் வகை பந்தயங்களில் ஓடியது; பிரிட்டிஷ் காவல்துறை நெடுஞ்சாலை ரோந்துக்கு அந்தக் காரை வைத்திருந்தது. அதே உடலைத்தான் வண்டலூருக்கு அருகே பெருங்களத்தூரில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆலை 1985இல் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெயரில் வெளியிட்டது. ஆனால் உள்ளே இருந்தது வி8 அன்று. பழைய வான்கார்டு வழிவந்த 1991 சிசி நான்கு சிலிண்டர் எஞ்சின். நம் சாலைகளுக்காக வண்டியைத் தரையிலிருந்து உயர்த்தியும் வைத்தார்கள். விலை அதிகம், எரிபொருள் செலவும் அதிகம். 1988இல் உற்பத்தி நின்றது. ஆலை மூடிப் பல ஆண்டுகள் கழித்து, பிரிக்கப்படாத பெட்டிகளில் எஞ்சியிருந்த புதிய உதிரிபாகங்கள் இங்கிலாந்து வணிகர் ஒருவர் கைக்குக் கப்பலேறிப் போயின. பெருங்களத்தூரில் செய்த கண்ணாடியையும் விளக்கையும் இன்று பெருங்களத்தூர்க்காரர் அயல்நாட்டிலிருந்து வரவழைக்க வேண்டிய விசித்திரம் இப்படி உண்டானது.

இந்த வண்டியை “இங்கிலாந்து ரோவர் ஸ்போர்ட்ஸ் கார், விண்டேஜ்” என்று கூவி விற்கிறார்கள். முதல் பாதி அரை உண்மை, இரண்டாம் பாதி பொய். மத்திய அரசு 2021இல் வகுத்த விதிப்படி, முதற்பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, மூல வடிவம் மாறாமல் இருக்கும் வண்டியே விண்டேஜ். அதற்கென ‘விஏ’ எழுத்துகள் கொண்ட தனிப் பதிவெண் உண்டு. 1986இல் பதிவான வண்டி 2036 வரை அந்த வரையறைக்குள் வராது. எஞ்சின் எது என்று ஆலை மறைக்கவில்லை. இடையில் வந்த நாவுகள்தாம் மறைக்கின்றன.

இனி உப்புக்கு வருவோம். மரக்காணத்து உப்பளக் காற்று என்ன செய்யும் என்பது நம் வீட்டு ஜன்னல் கம்பியைக் கேட்டாலே தெரியும். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் சோற்றுப்பு தானே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். உப்பு எடுத்தபின் பாத்தியில் மிஞ்சும் கசப்புநீரில் உள்ள மெக்னீசியம் குளோரைடு இன்னும் மோசம். மூன்றில் ஒரு பங்கு ஈரப்பதமே அதற்குப் போதும். ஆக, மழையே பெய்யாத நாளிலும் வண்டியின் அடித்தகட்டில் ஓர் உப்புநீர்ப் படலம் இருந்துகொண்டே இருக்கும். இரும்பு அரிக்க இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஹெரால்டுக்கும் கேஸலுக்கும் தனிச் சட்டகம் உண்டு; உடல் அதன் மேல் உட்கார்ந்திருக்கும். பத்மினியும் ஸ்டாண்டர்டு 2000உம் அப்படியல்ல. அவற்றுக்கு உடலே எலும்பு. கதவுகளுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடும் வெற்றுப்பெட்டித் தகட்டைப் பட்டறையில் ‘ரன்னிங் போர்டு’ என்பார்கள். வண்டி வளையாமல் நிற்பதும், மோதலில் கதவு உள்ளே நசுங்காமல் தாங்குவதும் அந்தப் பெட்டியால்தான். அதன் வடிகால் துளைகளில் மண் அடைத்துக்கொண்டால் உள்ளே உப்புநீர் தேங்கி, வெளியே நிறம் கெடுவதற்கு முன்பே உட்புறம் மாவாகிவிடும்.

நேர்மையான டிங்கர் என்ன செய்வார்? இருக்கையையும் தரைவிரிப்பையும் கழற்றுவார். அழுகிய தகட்டை, நல்ல இரும்பு தென்படும் இடம் வரை வெட்டி எறிவார். புதுத்தகட்டை வளைத்து வெல்டிங் வைப்பார். துத்தநாகப் பிரைமர் அடிப்பார். இணைப்புகளில் சீலர் பூசுவார். பெட்டியின் உள்ளே மெழுகு பீய்ச்சுவார். துளைகளைத் திறந்து வைப்பார். இதற்கு நாள்கள் ஆகும், கூலி ஆகும். மற்றவர் என்ன செய்கிறார்? ஓட்டையில் துணியையோ கம்பிவலையையோ திணித்து, மேலே பட்டி அப்பி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வண்ணம் அடித்துவிடுகிறார். ஒரே மாலையில் வண்டி கண்ணாடியாகிவிடும். பட்டி ஈரத்தை உறிஞ்சும் பொருள்; அதன் அடியில் துரு தன் வேலையை நிறுத்துவதில்லை. ஒரு பருவமழை கடந்ததும் கொப்புளம் வெடிக்கும்.

நம் பகுதி இளைஞர் ஒருவர், வளைகுடாவில் உழைத்த காசில் இப்படியொரு காரை வாங்கினார். முதன்முறை டயர் மாற்ற ஜாக்கி வைத்தபோது, ஜாக்கி வண்டியைத் தூக்கவில்லை. தகட்டைத் துளைத்து உள்ளே போனது. அந்தப் பெட்டித் தகட்டை நம்பித்தான் அவர் தம் மனைவியையும் குழந்தையையும் பின்னிருக்கையில் ஏற்றிச் சென்றுகொண்டிருந்தார். விற்றவரிடம் கேட்டபோது வந்த பதில்தான் நாம் மேலே எழுதிய முதல் வாக்கியம்.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் தட்டிய நிகழ்வை ஸஹீஹ் முஸ்லிமில் படித்திருக்கிறோம். மழையால் நனைந்தது என்று வியாபாரி காரணம் சொன்னார். காரணம் உண்மையாகவே இருந்திருக்கலாம். ஆனாலும் நனைந்ததை மக்கள் காணுமாறு மேலே ஏன் வைக்கவில்லை என்று கேட்டு, ஏமாற்றுபவரைத் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று விலக்கினார்கள் நபியவர்கள். கவனியுங்கள்: வாங்குபவர் கையை விட்டுப் பார்த்திருக்க வேண்டும் என்று அங்கே சொல்லப்படவில்லை. பட்டி பூசிய தகடு, காய்ந்த தானியத்தால் மூடிய ஈரக்குவியல் அல்லாமல் வேறென்ன?

“உள்ளது உள்ளபடி விற்கிறேன், எந்தக் குறைக்கும் நான் பொறுப்பல்ல என்று சொல்லித்தானே விற்றோம்” என்று ஒரு வாதம் வைக்கிறார்கள். மத்ஹபுகளைத் தமக்கு வசதியாக வளைப்பவர்களுக்காக இதை விளக்குகிறோம். ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்துப்படி, அந்தப் பொது நிபந்தனை, உயிருள்ள பிராணியில் விற்பவரே அறியாத உட்குறையிலிருந்து மட்டுமே அவரை விடுவிக்கும். கார் பிராணியல்ல. ஹனஃபி மத்ஹபில் அந்த நிபந்தனை செல்லும் என்பது சரி. ஆனால் ஒப்பந்தம் செல்லுவது ஒன்று, தெரிந்த குறையைத் திட்டமிட்டு மூடியவர் பாவத்திலிருந்து தப்புவது வேறொன்று. அறிந்தே மறைப்பதை எந்த இமாமும் ஹலால் ஆக்கவில்லை. வாங்கியவருக்கும் ஒரு சொல்: குறை தெரிந்ததும் தாமதிக்காமல் திருப்பிக் கேளுங்கள். தெரிந்த பிறகும் ஓட்டிக்கொண்டிருந்தால், ஷாஃபிஈ சட்டப்படி திருப்பும் உரிமை போய்விடும்.

இன்னொரு கேடயம் எஃப்.சி. 15 ஆண்டு கடந்த காருக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கிறார்கள். அதற்கான கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. அந்தத் தாள், வண்டி அன்றைக்குச் சாலையில் ஓடலாம் என்ற அனுமதி. மூடிய பெட்டிக்குள் இரும்பு இருக்கிறதா என்று யாரும் அறுத்துப் பார்த்துக் கொடுப்பதில்லை. அதை நற்சான்றாகக் காட்டுவது இரண்டாவது பூச்சு.

ஆனால் நாம் அதிகம் வருந்துவது விற்பவரைப் பற்றி அல்ல. அந்த வண்டியின் உள்ளே என்ன இருந்தது என்பது குறைந்தது நான்கு பேருக்குத் தெரியும்: பட்டி பூசியவர், வண்ணம் அடித்தவர், பக்கத்துப் பட்டறைக்காரர், தரகர். நால்வரும் நமக்கேன் வம்பு என்று இருந்துவிட்டார்கள். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் எடுத்துச் சொல்லும் வாஸிலா (ரலி) அவர்களின் செய்தி இவர்களுக்குத்தான். ஒருவர் 300 திர்ஹத்துக்கு ஒட்டகம் ஒன்றை விற்றார். அதை வாங்கியவர் ஓட்டிச் சென்றபின் வாஸிலா அவர்கள் பின்னாலேயே ஓடி, இறைச்சிக்கா பயணத்துக்கா என்று கேட்டார்கள். பயணத்துக்கு என்றார் அவர். அதன் குளம்பில் துளை இருப்பதைத் தாம் கண்டதாகவும், தொடர் பயணத்தை அது தாங்காது என்றும் சொன்னார்கள். வாங்கியவர் திரும்பி வர, விற்றவர் 100 திர்ஹம் குறைத்துக்கொண்டு, என் வியாபாரத்தைக் கெடுத்துவிட்டீரே என்று வாஸிலாவைக் கடிந்துகொண்டார். அந்த விற்பனையில் வாஸிலா அவர்களுக்கு எந்தப் பங்கும் இல்லை. அருகில் நின்றவர், அவ்வளவே. குறையை அறிந்தவர் எவரும் அதைச் சொல்லாதிருக்கலாகாது என்பதே அவர்கள் எடுத்துச் சொன்ன நபிவழி.

டிங்கர் சகோதரர்கள் நம்மிடம் சொல்லும் சங்கடமும் உண்மையானது. “தகடு மாற்ற வேண்டும் என்றால் வண்டிக்காரர் அடுத்த பட்டறைக்குப் போய்விடுகிறார், குறைந்த காசில் பளபளப்பு மட்டும் கேட்கிறார்.” ஆம், அழுகலை மூடச் சொல்லிக் கூலி தருபவரே முதற்குற்றவாளி. அவரிடம் கண்டித்துப் பேசும் துணிவு ஜமாஅத்துக்கு வேண்டும். ஆனால் டிங்கர் கையிலும் ஒரு வழி இருக்கிறது. வெட்டும் முன்னும் வெல்டிங் வைத்த பின்னும் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். எந்தத் தகடு மாறியது, எது பட்டி மட்டுமே என்று கூலிச்சீட்டில் இரண்டு வரி எழுதிக் கொடுங்கள். எழுத மறுக்கச் சொல்லும் வாடிக்கையாளர் எதற்காக வந்திருக்கிறார் என்பது அப்போதே விளங்கிவிடும்.

வாங்கப் போகிறவர்கள் மெல்லிய துணி சுற்றிய ஒரு காந்தம் எடுத்துச் செல்லுங்கள். பட்டி தடித்த இடத்தில் அது ஒட்டாது. விரல் மடக்கித் தட்டினால் இரும்பு ஒலிக்கும், பட்டி ‘தொப்’ என்னும். வாங்கியபின் வாரம் ஒருமுறை அடிப்பகுதியை நன்னீரால் கழுவி, கதவின் அடித்துளைகளைக் குச்சியால் திறந்து விடுங்கள். பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டு மூடாதீர்கள். அது உள்ளே ஈரத்தை அடைகாக்கும். ஓலைக்கொட்டகை போதும், காற்று உலவட்டும்.