சாக்கடை சாட்சி சொல்லுமா?

2024 நவம்பரில் பாரன் தீவுக்கு அருகே ஒரு மியான்மர் மீன்பிடிப் படகைக் கடலோரக் காவல் படை மடக்கியபோது, அதில் சுமார் 5,500 கிலோ மெத்தாம்பெட்டமைன் இருந்தது. 2019-ல் கார் நிக்கோபார் பக்கம் சிக்கிய படகில் 1,160 கிலோ கெட்டமைன். பிடிபட்டதற்குக் கணக்கு உண்டு. பிடிபடாமல் கரையேறி, மனிதர் உடம்புக்குள் போனது எவ்வளவு என்பதற்குப் பறிமுதல் பட்டியலில் விடை கிடையாது.

வீடு வீடாகப் போய்க் கேட்பது ஒரு வழி. 2019-ல் வெளியான எய்ம்ஸ் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் சுமார் 2 லட்சம் வீடுகளில் அப்படித்தான் கேட்டார்கள். ஆனால் சட்டம் தண்டிக்கும் பழக்கத்தை வாசலில் நிற்கும் அந்நியரிடம் எத்தனை பேர் ஒப்புக்கொள்வர்?

அதனால்தான் சில நாடுகள் சாக்கடையைக் கேட்கின்றன. 2005-ல் மிலான் நகர ஆய்வாளர்கள் இத்தாலியின் போ நதி நீரைச் சோதித்தனர். கோகெய்ன் உடம்பில் சிதைந்து சிறுநீரில் வெளியேறும் பொருளை அளந்து கணக்கிட்டதில், நாளொன்றுக்குச் சுமார் 4 கிலோ கோகெய்னுக்கு ஈடான கழிவு நதியில் போவது தெரிந்தது. அதிகாரிகளின் மதிப்பீட்டைவிட இது மிக அதிகம். ஆஸ்திரேலியா 2016 முதல் தேசிய அளவில் இச்சோதனையை நடத்திவருகிறது. முறை எளிது. சுத்திகரிப்பு நிலையத்துக்கு வரும் நீரில் 24 மணி நேரம் மாதிரி எடுப்பார்கள். பொருளின் அளவையும் நீரின் அளவையும் பெருக்கி, மக்கள்தொகையால் வகுப்பார்கள். சாக்கடைச் சோதனை இந்தியாவுக்கும் புதிதல்ல. போலியோ கிருமியைத் தேடி 2001 முதலே மும்பையில் நடந்த வேலைதான் அது.

கேம்பல் பேயில் இது எடுபடுமா? 1969 முதல் முன்னாள் ராணுவத்தினரின் குடும்பங்கள், தமிழ்க் குடும்பங்கள் உட்பட, குடியேற்றப்பட்ட ஊர் அது. பெரிய நிக்கோபார் தீவு முழுவதற்குமே 2011-ல் சுமார் 8,000 பேர்தான். பாதாளச் சாக்கடை இல்லாமல் வீட்டுக்கு வீடு செப்டிக் டாங்க் உள்ள சிற்றூரில் மாதிரி எடுக்கப் பொதுவான ஓரிடம் ஏது? தவிர, மெத்தாம்பெட்டமைனில் கணிசமான பகுதி உருமாறாமலே சிறுநீரில் வெளியேறுகிறது. ஆகவே கரை ஒதுங்கிய பொட்டலத்தை யாராவது பயந்துபோய்க் கழிப்பறையில் கொட்டினாலும், ஊரே போதையில் மிதப்பதாகக் கணக்கு காட்டக்கூடும்!

ஆனால் ஊர் இப்படியே இருக்கப்போவதில்லை. 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற துறைமுக, விமான நிலைய, நகரியத் திட்டம் தீவின் மக்கள்தொகையைக் காலப்போக்கில் சுமார் 3.5 லட்சமாக்கக் கருதுகிறது. முதலில் வருபவர்கள் கட்டுமானத் தொழிலாளர்களாகவே இருப்பர். சாக்கடைக் குழாயும் வரும், ஒருநாள் சோதனையும் வரலாம்.

சிக்கல் அங்கேதான். லட்சம் பேரின் கழிவில் தனி மனிதன் கரைந்துவிடுகிறான். இருநூறு பேர் தங்கிய ஒரு முகாமின் குழாயில் அப்படியல்ல. எண் வந்த மறுநாளே மேஸ்திரியின் பார்வை மாறும். நாலு பேர் செய்ததற்கு நாற்பது பேரின் பெட்டியைக் குடைவார்கள், ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது ஒரு மாநிலத்தாரையே ஒதுக்குவார்கள். இத்துறை விஞ்ஞானிகள் 2016-ல் வெளியிட்ட நெறிமுறைகளிலேயே சிறு சமூகங்கள், சிறைகள், பணியிடங்கள் பற்றி எச்சரிக்கை உண்டு. ஆஸ்திரேலிய அறிக்கையும் சோதித்த இடங்களின் பெயரை வெளியிடாமல் குறியீட்டு எண் மட்டுமே தருகிறது.

தீவில் சோதனை வருமானால் மாதிரி எந்தக் குழாயில் எடுக்கப்படும், முடிவு சுகாதாரத் துறைக்குப் போகுமா, காவல் துறைக்கா, கான்டிராக்டருக்கா என்பதைக் குழாய் பதிக்கும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குவது தொழிற்சங்கங்களின் வேலை.